சனம் மட்டும் கொஞ்சம் பழசு

நேரலை தொடங்க முக்கால் மணித்தியாலம் இருந்தபோது தில்லையம்பலம் மாமா கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

வெளியாருக்கு இது ஒரு வயதானவர் எழும்பிய செய்தி. லண்டனில் குட்மேய்ஸிலிருந்து டூட்டிங் வரை உள்ள யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அப்படி அல்ல. எந்தக் கலியாணத்திலும் அவர் இருக்கும்வரை இருக்கலாம், அவர் எழும்பினால் எழும்பவேண்டும். இதை எந்தச் சங்கமும் தீர்மானமாக நிறைவேற்றவில்லை. முப்பது வருடமாக எல்லாக் கலியாணத்திலும் முன்வரிசையில் இருந்ததால் அவருக்குத் தானாகச் சேர்ந்த அதிகாரம் அது. தேர்தல் வைத்திருந்தால் தோற்றிருப்பார்.

குட்மேய்ஸ் மண்டபத்தின் பின்புறம், கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்ற ஒளிபரப்பு வண்டிக்குள், துஷாந்தன் அந்த எழும்பலை மூன்றாம் மொனிற்றரில் பார்த்தார். நாற்பத்தாறு வயதில், ஹார்பர் டிவியின் ஒரு பிரிவுக்கே தலைவராக, கழுத்தில் அடையாள அட்டையோடு இருந்தபோதும் அவருடைய முழங்கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பிலிப்பா. சனலின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொறுப்பானவர், மாதக் கடைசியில் வேலையை விட்டு டெவனில் குதிரை வளர்க்கப் போகிறவர். மற்றவர் றோரி. பிலிப்பா விட்டுப் போகும் கதிரைக்கு இரண்டு பேர் போட்டி. றோரி ஒருவர், துஷாந்தன் மற்றவர். யாருக்கு என்பதை இன்றைய நேரலையைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பிலிப்பா காலையில்தான் சொல்லியிருந்தார். காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

துஷாந்தன் இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் ஹார்பரில் தேநீர் கொண்டு திரிகிறவராகச் சேர்ந்தார். யாருக்கு எத்தனை கரண்டி சீனி என்பதை மறக்காததால் ஆராய்ச்சி உதவியாளர் ஆனார். பிறகு ‘வேலி’ என்றொரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார். அயலவர் இரண்டு பேர் எல்லை வேலிக்காகச் சண்டை பிடிப்பார்கள். நில அளவையாளர் ஒருவர் வந்து அளந்துபார்த்து இரண்டு பேருமே பிழை என்பார். ஆங்கிலேயரின் ஆன்மாவை இவ்வளவு ஆழமாகத் தொட்ட நிகழ்ச்சி வேறு இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. தன்னுடைய அப்பா ஆனந்தராஜா பருத்தித்துறையில் சொந்தத் தம்பியோடு ஒரு பனைமரத்துக்காகப் பதினொரு வருடம் வழக்குப் பேசிக் கோட்டுக்கு ஏறி இறங்கியவர் என்பதைத் துஷாந்தன் அந்தப் பத்திரிகைகளுக்குச் சொல்லவில்லை.

‘வேலி’ வருடக்கணக்காக ஓடியது. ஆனால் பெரிய கதிரை இரண்டு தடவை வெறுமையாகி, இரண்டு தடவையும் அவரிடம் வேலை பழகியவர்களே அதில் போய் இருந்தார்கள். பிலிப்பா அவர்களில் ஒருவர். றோரியும் அவரிடம் பழகியவர்தான். மூன்றாவது தடவையும் தவறினால் என்ன நடக்கும் என்று ஹார்பரில் எல்லாருக்கும் தெரியும். ‘மூத்த ஆலோசகர்’ என்றொரு பெயர் தருவார்கள். கேக் ஒன்று வெட்டுவார்கள். கேக் வெட்டிய மறுநாள் வாசல் கதவு உங்கள் அட்டையை அடையாளம் தெரியாது என்று சொல்லும்.

இந்தக் கோடையில் ஹார்பரின் பெரிய நிகழ்ச்சி ‘இன்று கலியாணம்’. ஞாயிறுதோறும் ஒரு சமூகத்தின் உண்மையான கலியாணம், நேரலையில். போலந்துக்காரர், நைஜீரியர், குஜராத்திகள், கோர்ன்வால் மீனவர் எல்லாரும் முடிந்து கடைசி வாரம் தமிழர்.

“இதை நீங்களே பொறுப்பெடுங்கள், துஷ். உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும்” என்றார் பிலிப்பா.

இந்த வசனம் எப்போது வரும் என்று அவர் இருபத்துமூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். வந்துவிட்டது. தன்னுடைய ஆட்களைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நேரத்துக்கு வரமாட்டினம்.

முகூர்த்தம் பன்னிரண்டரை. நேரலை பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை. துஷாந்தன் பெண்ணின் தகப்பன் ஞானேஸ்வரனைத் தேடிப் போனார். ஞானேஸ்வரன் பாரிஸிலிருந்து வந்து டூட்டிங்கில் மரக்கறிக்கடை போட்டவர்.

“அண்ணை, கார்டிலை முகூர்த்தம் பதினொண்டு எண்டு அடியுங்கோ.”

“பொய் நேரமோ தம்பி?”

“பொய் இல்லை. எங்கடை சனத்துக்கு ஏத்த நேரம்.”

“விளங்கிச்சுது. அதை என்னட்டை விடுங்கோ.”

அவரிடம் விடப்பட்டது. அவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். இந்தத் தம்பி ஆறு வயதில் லண்டனுக்கு வந்த பிள்ளை, டூட்டிங் சனத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? ஒன்றரை மணித்தியாலம் அவர்களுக்கு எந்த மூலைக்குக் காணும்? கார்டில் ஒன்பதரை என்று அடித்தார். அடித்ததை யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் கணக்கில் எடுக்காதது டிவியை. கமரா வருகிறது என்று கேள்விப்பட்ட சனம் வரலாற்றில் முதல்முறையாக நேரத்துக்கு வந்தது. நல்ல இடம் பிடிக்கவேண்டுமென்று நேரத்துக்கு முன்னமே வந்தது. ஒன்பது மணிக்கு நானூறு கதிரையும் நிரம்பி, பட்டுச் சேலைகளின் வெளிச்சத்தில் மின்விளக்குத் தேவைப்படவில்லை. நேரலையின் இயக்குநர் பெர்னடெற் மகிழ்ந்துபோய், கமராக்களைச் சரிபார்க்கும் சாட்டில் அந்தச் சனத்தை ஒரு மணித்தியாலம் விதம்விதமாகப் பதிவு செய்தார். ஹார்பரில் துஷாந்தனைத் தவிர தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒன்பதரைக்குத் தாலி கட்டவில்லை. சனம் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியதும் ஞானேஸ்வரன் ஏணி வைத்து ஏறி அதைக் கழற்றிச் சமையலறைக்குள் ஒளித்தார். பத்தரைக்கும் கட்டவில்லை. சாப்பாட்டு மண்டபத்தைத் துஷாந்தன் பூட்டச் சொன்னார். சாப்பிட்டால் போய்விடுவார்கள். சாப்பிடாமலும் போகலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதே நாளில் லூயிஷாமில் ரஞ்சனா என்றொரு பிள்ளைக்கும் கலியாணம் என்பதும், இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அங்கேயும் சொல்லியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

இப்போது தில்லையம்பலம் மாமா எழும்பிவிட்டார்.

துஷாந்தன் வண்டியிலிருந்து குதித்து, சமையலறை வழியாக ஓடி, வாசலில் அவரை மறித்தார்.

“மாமா, எங்கை வெளிக்கிட்டிட்டியள்?”

“லூயிஷாமுக்கு. அங்கையெண்டாலும் தாலி கட்டுவினமாம்.”

“இன்னும் கொஞ்ச நேரம்தான் மாமா.”

“நீர் ஆற்றை மகன்?”

“பருத்தித்துறை ஆனந்தராஜான்ரை.”

“பனைக்கு வழக்காடின ஆனந்தராஜாவோ?”

“ஓம்.”

“அப்ப இழுபடுற அலுவலை என்ன செய்யிறதெண்டு உமக்குத் தெரிஞ்சிருக்க வேணுமே. விட்டிட்டுப் போறது.” மாமா கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். “நான் சீனி வருத்தக்காரன். காலமை ரெண்டு வடையைத் தந்துபோட்டு சாப்பாட்டுக் கதவைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். எந்த வெள்ளைக்காரப் பேயன்ரை வேலையோ தெரியாது.”

“ஓம் மாமா” என்றார் துஷாந்தன். “வெள்ளைக்காரன்தான்.”

“மூளை இருந்தால் செய்வானே?”

“மாமா, இப்பவே திறக்கச் சொல்லுறன். இந்தாங்கோ என்ரை கார்ட். என்ன உதவியெண்டாலும் கேளுங்கோ. ஒரு மணி வரைக்கும் மட்டும் இருங்கோ.”

மாமா கார்டை வாங்கி, வாசிக்காமல், சட்டைப்பைக்குள் வைத்தார். “தம்பி, நான் எழும்பிட்டன்” என்றார். வேறு விளக்கம் அவர் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. அவருக்குப் பின்னால் முன்வரிசை எழும்பியது. பிறகு இரண்டாம் வரிசை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டும், “வாறம் என்ன, போட்டு வாறம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டும் மண்டபம் வெளியே நடந்தது. மிஞ்சியது மணவறையைச் சுற்றி நின்ற நெருங்கிய சொந்தங்களும், காரில் ஏற்றிக்கொண்டு போக ஆள் கிடைக்காதவர்களும். நாற்பது பேர் வரும்.

துஷாந்தன் திரும்பி வண்டிக்குள் ஏறியபோது பிலிப்பா மொனிற்றருக்குள் குனிந்திருந்தார்.

“அவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள், துஷ்?”

“மாப்பிள்ளையை வரவேற்க. எங்கள் வழக்கம். நெருங்கிய உறவினர் மட்டும் போவார்கள்.”

“அது முந்நூறு பேர் இருக்குமே.”

“நாங்கள் நெருக்கமான சமூகம்.”

பிலிப்பாவின் முகம் இளகியது. றோரியின் முகம் இளகவில்லை. அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “நான் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?”

“போகலாம்” என்றார் துஷாந்தன். “ஆனால் தாலி கட்டுமுன் வெளியார் வாசலைக் கடந்தால் ஐயர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.”

கலாசார உணர்திறன் பயிற்சியை றோரி இரண்டு தடவை முடித்தவர். ஒரு காலை வெளியே வைத்தவர் அதை மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டார்.

துஷாந்தன் பெர்னடெற்றின் பக்கத்தில் இருந்தார். திரையைப் பார்த்தபடி, வெளிச்சத்தைப் பற்றிப் பேசும் குரலில், தமிழில் கேட்டார்.

“பெர்னடெற், காலமை எடுத்த சனம் இருக்கோ?”

“இருக்கு. ஏன்?”

“அதைப் போடுவம்.”

பெர்னடெற்றின் விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது. “அண்ணை, மூலையிலை நேரலை எண்டு சிவப்பாலை எழுதியிருக்கு.”

“கலியாணம் நேரலைதான். சனம் மட்டும் கொஞ்சம் பழசு.”

“பிடிபட்டால்?”

“எனக்குக் கேக் தருவினம்.”

“எனக்கு?”

“உமக்குக் கேக்கும் இல்லை.”

பின்னாலிருந்து பிலிப்பா கேட்டார்: “ஏதாவது பிரச்சினையா?”

“இல்லை. பூ மாலையின் நிறம் கொஞ்சம் கூடித் தெரிகிறது” என்றார் துஷாந்தன்.

பெர்னடெற் பல்லைக் கடித்தபடி சொன்னார்: “பன்ரெண்டு வருஷமா இந்த வண்டிக்குள்ளை இருக்கிறன். நீங்கள் அந்தக் கதிரையிலை இருந்தால் என்னை மேல எடுப்பியளோ?”

“எடுப்பன்.”

“மாதா மேலை சத்தியம் பண்ணுங்கோ.”

“நான் சைவமெல்லோ.”

“அப்ப பிள்ளையார் மேலை.”

“சத்தியமா.”

பெர்னடெற் சிலுவை போட்டுக்கொண்டார். சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கமராக்களை ஒவ்வொன்றாக மணவறைப் பக்கம் திருப்பச் சொன்னார். காலைப் பதிவை மூன்றாம் மொனிற்றரில் ஏற்றினார். நானூறு பேரும் திரும்பி வந்து, அதே கதிரைகளில், அதே ஆவலோடு இருந்தார்கள். இதோ தாலி கட்டப்போகிறார்கள் என்று அப்போதும் நம்பிய முகங்கள் அவை. பெர்னடெற் ஒவ்வொரு படமாக ஓட்டிப்பார்த்து மூச்சை விட்டார்.

“சுவரிலை மணிக்கூடு இருக்குமோ எண்டு பயந்தன் அண்ணை. இல்லை.”

“ஞானேஸ்வரன் அண்ணை கழட்டிட்டார்.”

“எல்லாப் படத்திலையும் இல்லை எண்டில்லை. முதல் அரை மணித்தியாலத்திலை தொங்குது. அதைத் தவிர்க்கவேணும்.”

“வந்துவிட்டார்களா?” என்றார் பிலிப்பா. “எவ்வளவு ஒழுங்காக!”

பன்னிரண்டு அடித்தது. மூலையில் சிவப்பு எழுத்து எரிந்தது.

அடுத்த அரை மணித்தியாலம் துஷாந்தன் மூச்சு விட்டதற்குச் சாட்சி இல்லை. மணவறை, மணப்பெண் லக்‌ஷிகாவின் தலைகுனிந்த முகம், பிறகு சனம். ஐயரின் கை, ஓமப்புகை, பிறகு சனம். சனம் வரும்போதெல்லாம் இரண்டு விநாடி, மூன்று விநாடி, அதற்கு மேல் இல்லை. ஒரு தடவை பெர்னடெற்றின் விரல் பிசகி, படத்தின் மேல் ஓரத்தில் மணிக்கூட்டின் அடிப்பாகம் எட்டிப்பார்த்தது. முள் தெரியுமுன் அவர் வெட்டிவிட்டார். துஷாந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. றோரி தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மொனிற்றரின் கண்ணாடியில் தெரிந்தது.

“அவர் யார்?” என்றார் பிலிப்பா திடீரென்று.

திரையில் தில்லையம்பலம் மாமா முன்வரிசையில், கைத்தடிமேல் இரண்டு கையையும் வைத்து, நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மாமா.”

“என்ன ஒரு முகம்! அந்த மீசை! மறுபடியும் காட்டுங்கள்.”

காட்டவேண்டியிருந்தது. மாமா நிமிர்ந்தார். மாமா கண்ணாடியைத் துடைத்தார். மாமா தாடையைத் தடவினார். பிலிப்பா ஒவ்வொரு தடவையும் “மறுபடியும்” என்றார். மாப்பிள்ளை சிவதர்ஷனைவிட மாமா அதிக நேரம் நாட்டுக்குக் காட்டப்பட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. அந்த நொடியில் பெர்னடெற்றிடம் மிஞ்சியிருந்த ஒரேயொரு நல்ல படம் மாமா கொட்டாவி விடுவது. வேறு வழியில்லாமல் அதைப் போட்டார்.

“அழுகிறார்!” என்றார் பிலிப்பா, தானும் கண்ணைத் துடைத்தபடி. “நிகழ்ச்சி முடிந்ததும் நான் அவரைச் சந்திக்கவேண்டும். கட்டாயம்.”

துஷாந்தனின் தொலைபேசி அதிர்ந்தது. தெரியாத இலக்கம்.

“ஆனந்தராஜான்ரை மகனோ?”

“ஓம்.”

“நான் இப்ப எங்கை நிக்கிறன் சொல்லும் பாப்பம்.”

துஷாந்தன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினார். “லூயிஷாமிலை, மாமா.”

“அப்ப குட்மேய்ஸிலை இருந்து கொட்டாவி விடுறது ஆர்?”

துஷாந்தன் தொலைபேசியின் ஒலியைக் குறைத்தார். மாமா நிறுத்தவில்லை.

“பந்தியிலை இருக்கிறன். இலையிலை சோறு விழுது. பக்கத்திலை இருக்கிற பெடியன் போனை நீட்டுறான், பாத்தால் நான். நேரலையாம். தம்பி, இஞ்சை இருநூறு பேர் இருக்கினம். எல்லாற்றை போனிலையும் எல்லாரும் இருக்கினம்.”

இருநூறு சாட்சிகள். ஒருவர் ஒரு படத்தை எடுத்து ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். துஷாந்தனுக்குக் கேக்கின் நிறம்கூடத் தெரிந்தது. மஞ்சள்.

“சனம் என்ன சொல்லுது மாமா?”

“சந்தோஷப்படுது.”

“என்ன?”

“பின்னை? ரெண்டு கலியாணத்துக்கும் நிண்டாச்செல்லோ. ஏன் தாலி கட்ட முன்னம் எழும்பிப் போனனீங்கள் எண்டு ஞானேஸ்வரன்ரை மனுசி இனி ஆரையும் கேக்க ஏலாது. டிவியே சாட்சி. ஒருத்தரும் வாய் திறவாயினம். திறந்தால் தாங்கள் இஞ்சை ஓடி வந்தது தெரிஞ்சுபோமெல்லோ.”

துஷாந்தனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. பிலிப்பா அவர் தோளைத் தொட்டார். “அந்த முதியவரிடம் சொல்லிவிட்டீர்களா?”

“சொல்லிக்கொண்டிருக்கிறேன்.” பிறகு தொலைபேசிக்குள்: “மாமா, ஒரு உதவி. இப்பவே இஞ்சை திரும்பி வரவேணும். பெரிய மனுசி உங்களைப் பாக்கவேணுமாம்.”

“பாயாசம் இன்னும் வரேல்லை.”

“மாமா, என்ரை வேலை போகப் பாக்குது.”

அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. “கார்டிலை என்ன உதவியெண்டாலும் எண்டு போட்டிருக்கோ?”

“நான் வாயாலை சொன்னனான்.”

“அது காணும். வாறன்.”

ஞாயிற்றுக்கிழமை பகலில் லூயிஷாமிலிருந்து ஆற்றைக் கடந்து குட்மேய்ஸுக்கு வருவது மனிதரின் கையில் இல்லை, ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையின் கையில் இருக்கிறது. ஒரு மணிக்குச் சிவப்பு எழுத்து அணைந்தது. பிலிப்பா எழும்பிக் கைதட்டினார். றோரி கைதட்டிவிட்டு முதல் ஆளாக இறங்கி மண்டபத்துக்கு நடந்தார்.

நானூறு கதிரை. நிலத்தில் விழுந்து கிடந்த ஒரு மல்லிகை மாலை. ஒரு கதிரையில் ஒரு குழந்தையின் சப்பாத்து.

“எங்கே எல்லோரும்?” என்றார் றோரி.

“சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.”

“அரை மணித்தியாலத்திலா?”

“தாலி கட்டினால் சாப்பாடு, சாப்பிட்டால் வீடு. நாங்கள் வேகமான ஆட்கள்.”

சாப்பாட்டு மண்டபத்தில் நாற்பது பேர் மும்முரமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நானூறு பேருக்கான சோறு, கறி, பொரியல் எல்லாம் தொடாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. றோரி ஒவ்வொரு பெரிய சட்டியாகத் திறந்து பார்த்தார்.

“இவ்வளவும் மிச்சமா?”

“மிச்சம் வராவிட்டால் பெண்வீட்டுக்கு அவமானம்” என்றார் துஷாந்தன். இது உண்மை. அன்று அவர் றோரிக்குச் சொன்ன முதல் உண்மை.

“அந்த மீசைக்காரர் எங்கே?” என்றார் பிலிப்பா.

“கை கழுவப் போயிருக்கிறார்.”

ஞானேஸ்வரன் வந்து எல்லாருடைய கையையும் குலுக்கினார். பிலிப்பா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். றோரி சாப்பிடாமல் வாசலைப் பார்த்தபடி நின்றார். நேரம் போனது.

“அவர் இன்னுமா கை கழுவுகிறார்?” என்றார் றோரி.

“மிகவும் சுத்தமானவர்.”

கதவு திறந்தது. தில்லையம்பலம் மாமா வியர்வையோடு, மூச்சு வாங்கியபடி, கைத்தடியை ஊன்றி உள்ளே வந்தார். அதே கோட்டு. அதே மீசை. மற்றக் கையில் ஒரு சின்னப் பை. அதில் பொன் எழுத்தில், ஆங்கிலத்தில், ரஞ்சனா என்றும் கீழே ஒரு மாப்பிள்ளையின் பெயரும் இருந்தன. அதற்கும் கீழே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் வண்ணப்படம்.

பிலிப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். றோரி பையைப் பார்த்தார்.

“மணமகளின் பெயர் லக்‌ஷிகா அல்லவா?” என்றார் றோரி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. “ரஞ்சனா யார்?”

துஷாந்தன் இன்னொரு வழக்கத்தை உற்பத்தி செய்ய வாயைத் திறந்தார். பெர்னடெற் கதவோரம் நின்று சிலுவை போட்டார்.

மாமா பையைத் தூக்கிப் பார்த்தார். தன்னுடைய நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: “இது வேறு கலியாணத்தின் பை. நல்ல பை. நாங்கள் பைகளை எறிவதில்லை.”

இதுவும் உண்மை. லண்டனில் எந்தத் தமிழ் வீட்டின் சமையலறையிலும் ஒரு பைக்குள் நூறு பை இருக்கும்.

“பாருங்கள் றோரி” என்றார் பிலிப்பா, நெஞ்சில் கைவைத்து. “மறுபயன்பாடு பற்றி நாம் இரண்டு நாள் கருத்தரங்கு வைத்தோம்.”

மாமா பைக்குள் கைவிட்டு ஒரு வடையை எடுத்து றோரியிடம் நீட்டினார். “சாப்பிடுங்கள். மெலிந்துபோய் இருக்கிறீர்கள்.”

றோரி வாங்கினார். வாங்கிய கை சற்று நின்றது. காலையில் போட்ட வடை இவ்வளவு மெத்தென்று இருக்காது. அவர் வடையைப் பார்த்தார், துஷாந்தனைப் பார்த்தார், பிலிப்பா தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். பயிற்சியில், தரப்படும் உணவை மறுக்கக்கூடாது என்று ஒரு பகுதி இருந்தது. கடித்தார். உள்ளே முழுசாக ஒரு பச்சைமிளகாய் இருந்தது. அதற்குப் பிறகு அன்று றோரி எதையும் கேட்கும் நிலையில் இல்லை. அவரைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

“நேரலையில் அவ்வளவு நேரம் இருந்தது எப்படி இருந்தது?” என்று பிலிப்பா மாமாவிடம் கேட்டார்.

“இருந்த மாதிரியே தெரியவில்லை” என்றார் மாமா.

வெளியே கார்கள் நிறுத்தும் இடத்தில் ஞானேஸ்வரன் துஷாந்தனைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் தொலைபேசி.

“தம்பி, மணவறையிலை நிக்கேக்கை சனமே இல்லாத மாதிரி இருந்திச்சு எனக்கு. மனம் விட்டுப்போச்சு. ஒற்றைப் பிள்ளையின்ரை கலியாணம் இப்பிடியாப் போச்சே எண்டு. இப்ப போட்டுப் பாக்கிறன், எல்லாரும் இருந்திருக்கினம். ஓமப்புகை கண்ணுக்குள்ளை போய் எனக்குத்தான் தெரியாமல் போட்டுது போல.”

“ஓம் அண்ணை” என்றார் துஷாந்தன். “புகை கூடத்தான்.”

ஞானேஸ்வரன் அந்தப் படத்தைப் பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டே உள்ளே போனார். துஷாந்தன் கொஞ்ச நேரம் ஒளிபரப்பு வண்டியின் படியில் இருந்தார். பசித்தது. உள்ளே நானூறு பேரின் சோறு இருந்தது. எழும்பிப் போகத் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் பிலிப்பா குதிரைகளிடம் போனார். கதிரை துஷாந்தனுக்கு வந்தது. றோரி மூத்த ஆலோசகர் ஆனார். கேக் எலுமிச்சை, மஞ்சள் நிறம். பெர்னடெற்றுக்கு மேல்மாடியில் ஆற்றைப் பார்த்த அறை கிடைத்தது. அவர் மேசையில் ஒரு மாதாவும் பக்கத்தில் ஒரு பிள்ளையாரும் இருந்தார்கள்.

புதிய அறையில் முதல் நாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு சந்திப்புக் குறித்திருந்தது. மாமா இரண்டு நாளுக்கு முன் அழைத்து, கேட்கவேண்டிய உதவியை யோசித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். ‘முன்வரிசை’ என்றொரு நிகழ்ச்சி அவருக்கு வேண்டுமாம். “நான் இருப்பன், நீங்கள் எடுக்கிறியள். வேறை ஒண்டும் தேவையில்லை.”

துஷாந்தன் பத்து மணிக்கு வந்து சேர்ந்தபோது செயலாளர் வாசலில் நின்றார்.

“உங்கள் பன்னிரண்டு மணிச் சந்திப்பு வந்துவிட்டது.”

“இப்போதேயா?”

“எட்டரைக்கே. அவரோடு ஒரு இருபது பேர் கீழே இருக்கிறார்கள். தாங்களும் அந்தக் கலியாணத்தில் கடைசிவரை இருந்ததாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு விளங்குமாம்.”

துஷாந்தன் கதவைத் திறந்தார். இந்த அறையும் ஆற்றைப் பார்த்தது. மேசைக்குப் பின்னால், தான் இருபத்துமூன்று வருடம் காத்திருந்த கதிரையில், தில்லையம்பலம் மாமா கைத்தடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார்.

“வாரும் தம்பி” என்றார். “இரும்.”

துஷாந்தன் மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்தார். மாமா எழும்புகிற மாதிரித் தெரியவில்லை.